நாக்கில் வைத்த தண்ணீர்

ஜூன் 9, 2025 – திங்கள்

வெண்டைக்காய் பறிக்க இன்றைக்கு ஆள் வரவில்லை. நானும் வீட்டுக்காரி ராமுத்தாயும் வெயில் ஏறுவதற்குள் நாலு பாத்தி பறித்து முடித்தோம். விரல் இடுக்கெல்லாம் அரிக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

இந்த டைரி சிமெண்டுக் கடையில் கொடுத்தது. கொத்தனார்களுக்கு வருஷா வருஷம் கொடுப்பார்கள். மற்றவர்கள் அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கிறுக்கக் கொடுத்துவிடுவார்கள். நான் எழுதுவேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். அறிவொளி வகுப்பு ஊருக்கு வந்த வருஷம்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் நானாகப் படித்தது பஸ் போர்டு – வத்தலக்குண்டு. “இம்புட்டு நீளப் பேரைப் படிச்சவரு இனிமே எதையும் படிச்சுருவாரு” என்று வகுப்பு எடுத்த பெண் கைதட்டியது. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறதோ.

சொல்ல வந்தது அது இல்லை. காண்டிராக்டர் போன் பண்ணினார். “சோலையண்ணே, ரோட்டு மேல மடத்து சிஸ்டர்மார் தையல் கூடம் இருக்குல்ல? தளம் கழண்டு விழுதாம். ரிப்பேர் வேலை. வாரீங்களா?”

வாரேன் என்றேன். தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றேன். தெரியாமல் என்ன? அதைக் கட்டியதே நாங்கள்தான். அதை மட்டும் சொல்லவில்லை.

மத்தியானம் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். “கொழம்பு வெஞ்சனம் சரியில்லையா?” என்று ராமுத்தாய் கேட்டாள்.

ஜூன் 11 – புதன்

போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு.

பழைய கட்டடத்தைக் கண்ணால் பார்த்தால் போதாது, காதால் பார்க்க வேண்டும். தர்பூசணி வாங்குகிறவன் தட்டிப் பார்க்கிற மாதிரிதான். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல காங்கிரீட் ணங்கென்று பேசும். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, காங்கிரீட் விட்டுப்போயிருந்தால் தொப்பென்று இருக்கும்.

மொத்தம் எட்டு பீம். வாசல் பக்கத்து நாலும் ணங். பின் பக்கத்து நாலும் தொப், தொப், தொப், தொப்.

“அது என்னண்ணே, அளந்து வச்ச மாதிரி பாதி நல்லாருக்கு, பாதி கெட்டுக் கெடக்கு?” என்று காண்டிராக்டர் கேட்டார். நான் சாரத்து மேலே நின்றுகொண்டு காது கேட்காதவன் மாதிரி இருந்தேன்.

போன மாதம் அந்தப் பின்பக்கத்திலிருந்துதான் ஒரு பாளம் பெயர்ந்து அனிஷா என்கிற பெண்ணின் தோளில் விழுந்திருக்கிறது. எலும்பில் விரிசல். கையைத் துணித்தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு தினமும் வந்துவிடுகிறாள். ஒரு கையாலேயே பொத்தான் தைக்கிறாள்; துணியைப் பல்லால் பிடித்துக்கொள்கிறாள். கூடத்தைப் பூட்டிவிட்டதால் மிஷினெல்லாம் வராந்தாவில் கிடக்கிறது. பிள்ளைகள் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, “தாத்தா, நல்லா பலமாப் பூசுங்க. இன்னும் ஒரு தோளுதான் மிச்சம் இருக்கு” என்று சிரித்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிச்சேனே... என்ன மனுசன் நான்.

ஜூன் 12 – வியாழன்

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 14 – சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

2003, மே மாதம். மழையே இல்லாத வருஷம். ஆடுமாட்டுக்கே லாரித் தண்ணிதான். எங்களுக்கு மேஸ்திரி ஆரோக்கியதாஸ் அண்ணன். அவரிடம் ஒரு பழக்கம்: கலவை போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு டிரம் தண்ணியையும் உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தாலும் கசந்தாலும் கவிழ்த்துவிடுவார். “குடிக்க முடியாத தண்ணிய கம்பிக்கும் குடுக்கக் கூடாதுடா” என்பார். ஒரு தடவை தாடிக்கொம்புப் பக்கம் ஒரு பணக்காரர் வீட்டில், தொட்டித் தண்ணி முழுவதையும் அவர் கண்ணெதிரிலேயே திறந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் குதித்த குதி இருக்கிறதே –

தள்ளிப்போடுகிறேன். எனக்கே தெரிகிறது.

தளம் போடுகிற நாளில் அண்ணன் ஊரில் இல்லை. வத்தலக்குண்டில் தங்கை மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மைச் சடங்கு. போகும்போது என்னிடம் சொன்னார்: “தண்ணி லாரி வரலேன்னா நாலாவது பீமுக்கும் அஞ்சாவது பீமுக்கும் நடுவுல நிறுத்திரு. மிச்சத்த நாளைக்கு நான் வந்து பாத்துக்கிறேன்.”

தளம் போடும் நாளில் மேஸ்திரிக்குப் புதுத்துண்டு போர்த்துவது வழக்கம். அண்ணன் இல்லாததால் அப்போதைய பெரிய சிஸ்டர் எனக்குப் போர்த்தினார். “சோலைமுத்து மேஸ்திரி” என்றார். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மத்தியானம் நாலு பீம் முடிந்தது. லாரி வரவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால், ஆரோக்கியதாஸ் இல்லை, அதனால்தான் பாதியில் நிற்கிறது என்பார்களே. துண்டு போர்த்திய அன்றைக்கேவா?

மதிலுக்குப் பின்னால் தோல்ஷாப்புக் கிணறு. தோல் ஊறவைத்த உப்புத் தண்ணி இறங்கி இறங்கி, மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற தண்ணி. பெண்களை வரிசையாக நிறுத்திக் குடம் மாற்றச் சொன்னேன். முதல் ஆள் மாயம்மாள். அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, “தூ! கரிக்குதுண்ணே” என்றாள்.

நானும் உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்தேன். நாக்கு சுருண்டது.

“நல்லாத்தான இருக்கு! நீ வெத்தலை போட்ட வாயி, ஒனக்கு எல்லாந்தான் கரிக்கும்” என்றேன். முப்பது பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதோடு விட்டேனா? பின் நாலு பீமும் தளமும் முடிந்த பிறகும் கலவை மிஞ்சியது. படிக்கட்டுக்குப் பலகை அடித்துத் தயாராக இருந்தது. பத்து நாள் கழித்துப் போட வேண்டியது. அதையும் சேர்த்துப் போட்டேன். அண்ணன் வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று.

அசந்துதான் போனார். “ஏலே, படியும் போட்டியா!” என்று முதுகில் தட்டினார். “தண்ணி நாக்குல வச்சுப் பாத்தியா?” என்று கேட்டார்.

“வச்சேன்ணே” என்றேன்.

ஜூன் 17 – செவ்வாய்

இன்றைக்கு எஞ்சினியரம்மா வந்தார். பெயர் ஷப்னம், மதுரையில் இருந்து. சின்ன வயசுதான், ஏணியில் யாரும் பிடிக்காமல் ஏறுகிறார். உடைத்த இடத்தில் ஒரு மருந்து பீய்ச்சினார், பன்னீர் ரோஸ் மாதிரி சிவந்தது. “காங்கிரீட் சத்து இன்னும் போகல” என்றார். அப்புறம் இன்னொரு மருந்து. முன்பக்கத்து பீமில் அது பழுப்பாகப் போனது. பின்பக்கத்து பீமில் மோர் தெளித்த மாதிரி வெள்ளை பூத்தது.

“உப்பு” என்றார். “கட்டும்போதே உப்புத் தண்ணியில கலந்திருக்காங்க. இத அப்படியே வச்சு மேல பூசினா, சொத்தைப் பல்லச் சொரண்டாம அடைச்ச மாதிரி ஆயிரும். பூசின எடத்துக்குப் பக்கத்துல அரிக்க ஆரம்பிக்கும். நாலு பீமையும் கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் உடைச்சு எடுக்கணும்.”

யார் கட்டியது என்ற கேள்வி வந்தது. இப்போதைய பொறுப்பு நான்சி சிஸ்டர் பழைய ரெஜிஸ்டரை எடுத்து வந்தார். அதில் ஒரே பெயர்தான் இருந்தது: மேஸ்திரி ஆரோக்கியதாஸ்.

“செத்துப்போனவர இனிமே என்ன கேக்குறது?” என்றார் காண்டிராக்டர். “அந்தக் காலத்து ஆளுக, கையில கெடச்ச தண்ணிய ஊத்திருப்பாக.”

அந்த நேரத்தில் டீ தூக்கோடு வியாகுலம்மாள் மதினி வந்து நின்றார். அண்ணனுடைய சம்சாரம். அண்ணன் போன பிறகு சிஸ்டர்மார் அடுப்படியில்தான் வேலை. எல்லோருக்கும் டீ ஊற்றினார். ஊற்றி முடித்துவிட்டுப் போனார்.

நான் சல்லடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சல்லடையில் ஒன்றுமே இல்லை. சும்மா சலித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18 – புதன்

மதினி என்னைத் தேடிக் குழாயடிக்கு வந்தார். “தம்பி, நீ அவருகூட இருந்தவன். ஒனக்குத் தெரியாதது இல்ல. அவரு அப்படிச் செஞ்சிருப்பாரா?”

இல்ல மதினி என்று சொல்ல ரெண்டே வார்த்தை போதும்.

“ஏதோ தெரியாம நடந்திருக்கும் மதினி. மனசுல வச்சுக்கிறாதிக” – நான் சொன்னது இது.

ஆறுதல் சொல்வது மாதிரி அந்த மனுசன் தலையிலேயே கட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து கையக் கழுவுறேன், கழுவுறேன், கழுவிக்கிட்டே இருக்கேன். தப்பு கையிலயா இருக்கு?

ஜூன் 20 – வெள்ளி

அண்ணன்தான் உப்புத் தண்ணி ஊற்றினார் என்று சர்ச் இருக்கிற கோயில் தெருவில் பேச்சாகிவிட்டது. மதினி பூசைக்குப் போகாமல் அடுப்படியிலேயே ஜெபம் சொல்கிறாராம்.

ஜூன் 23 – திங்கள்

மாயம்மாளும் இந்த வேலையில் இருக்கிறாள் என்பதை நான் இதுவரை எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இன்றைக்கு உடைத்த கல்லை அள்ளும்போது பக்கத்தில் வந்தாள்.

“என்ன மேஸ்திரி, நாக்கு சௌக்கியமா?”

“மெல்லப் பேசு மாயி.”

“மெல்லத்தான இருபத்திரண்டு வருசமாப் பேசுறேன். அன்னைக்கு வெத்தல வாயின்னு சொல்லி என்னப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சீக. இன்னைக்கு அந்த அக்காவ அழ வைக்கிறீக.”

“நீயே சொல்லிரேன்.”

“நான் எதுக்குச் சொல்றேன்? சொன்னா சித்தாளு பேச்சுன்னு ஊதிவிட்டுருவாக. நாக்கு ஒங்க நாக்கு. நீங்கதான் திருப்பணும்.” சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டாள். நாலடி போய்த் திரும்பி, “படிக்கட்டு என்னாகும்னு ரோசிச்சீகளா?” என்றாள்.

அதுவரை நான் அதை நினைக்கவே இல்லை. கர்த்தர் சத்தியமாக – எனக்கு ஏது கர்த்தர், எங்கள் முனியாண்டி சத்தியமாக – என் மானத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26 – வியாழன்

“படியையும் ஒரு தட்டுத் தட்டிப் பாத்துருங்கம்மா” என்று எஞ்சினியரம்மாவிடம் சொன்னேன். பெரிய தைரியம் வந்துவிட்டதாக நினைப்பு.

தட்டினார். பூச்சு கனம், அதற்கு மேலே நாலு கை ஆயில் பெயிண்ட். ணங்கென்றே கேட்டது. ரெஜிஸ்டரைப் புரட்டினார். “படி பத்து நாள் கழிச்சுப் போட்டதுன்னு தேதி இருக்கேண்ணா. அதுல உப்பு இருக்காது. பிரிச்சா இவங்களுக்கு மேல போக வழியும் இல்ல.” சீட்டில் படிக்கட்டுக்கு நேராக டிக் அடித்தார்.

அந்த ரெஜிஸ்டர் தேதி நாங்கள் வேலை தொடங்கும்போதே எழுதிக் கொடுத்த தேதி. நடந்ததை எழுதியது இல்லை.

“சரிங்கம்மா” என்றேன்.

படிக்கு அடியில் அனிஷா தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால்.

ஜூன் 29 – ஞாயிறு

இன்றைக்கு வேலை இல்லை. ஆனாலும் போனேன். எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். படிக்கு அடியில் குனிந்து உளியால் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குப் பெயர்த்தேன். பூச்சுக்கு உள்ளே இருந்து காங்கிரீட் துண்டு. நாக்கில் வைத்தேன்.

கரித்ததா, என் நினைப்பா? தெரியவில்லை. எத்தனை வருஷம் ஆனாலும் என் நாக்குக்கு அந்தத் தண்ணி மறக்காது போலிருக்கிறது. துண்டை வேட்டியில் முடிந்துகொண்டு வந்தேன். ராமுத்தாய் துவைக்க எடுக்கும்போது, “என்ன இது, கல்லக் கட்டிக்கிட்டுத் திரியிறீக?” என்றாள்.

அவளிடம் சொன்னேன். முதல்தடவையாக ஒரு ஆளிடம் சொன்னேன். அவள் கல்லைத் திண்ணையில் வைத்தாள். “அந்தத் துண்டு எங்க?” என்று கேட்டாள்.

எது என்றேன்.

“அன்னைக்குப் போத்துனாகளே, அது.”

பெட்டியில்தான் இருந்தது. நான் அதைக் கட்டியதே இல்லை. ஏன் என்று இத்தனை வருஷம் அவள் கேட்டதும் இல்லை.

ஜூலை 1 – செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

டீ நேரம். எல்லோரும் வராந்தாவில் நின்றார்கள். மதினி ஊற்றிக்கொண்டிருந்தார். என் டம்ளருக்கு வரும்போது சொன்னேன். “படிக்கட்டும் அதே தண்ணிதான்.”

“எந்தத் தண்ணி?” என்றார் எஞ்சினியரம்மா.

“தோல்ஷாப்புக் கிணத்துத் தண்ணி. தளமும் படியும் ஒரே நாள்ல போட்டது. ஆரோக்கியதாஸ் அண்ணன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. நிறுத்துன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நாந்தான் ஊத்தச் சொன்னேன். நாக்குல வச்சுப் பாத்து, கரிக்குதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். மாயம்மா அப்பவே கரிக்குதுன்னு சொன்னா. அவ வாயையும் அடைச்சேன்.”

எழுதும்போது நீளமாகத் தெரிகிறது. சொல்லும்போது ரெண்டு மூச்சுதான்.

எஞ்சினியரம்மா துளைபோடும் மிஷினை எடுத்துக்கொண்டு படிக்கு அடியில் போனார். தூள் விழுந்தது. மருந்து ஊற்றினார். வெள்ளை. எல்லோரும் பார்த்தார்கள்.

அப்புறம் என்னைப் பார்த்து, “பிள்ளைங்க தெனமும் இதுக்கு அடியிலதான உக்காந்து சாப்புடுறாங்க? நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?” என்றார். அண்ணா என்று சொல்லவில்லை.

நான்சி சிஸ்டர் ஓடிப்போய்ப் படிக்குக் குறுக்கே கயிறு கட்டினார். அனிஷா தன் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியையே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மதினி கையில் தூக்கு அப்படியே இருந்தது. “நான் ஒங்கிட்டதான தம்பி கேட்டேன்” என்றார்.

அவ்வளவுதான். என் டம்ளரில் ஊற்றாமல் அடுத்த ஆளுக்குப் போனார்.

மாயம்மாள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 2 – புதன்

“இனிமே பூச்சுக் கரண்டியத் தொடாதீங்க” என்றார் காண்டிராக்டர். “இருக்கணும்னா உடைக்கிற வேலைக்கு இருங்க.”

இருக்கிறேன் என்றேன்.

ஜூலை 9 – புதன்

படிக்கட்டு உடைக்கிறேன். அடியில் முட்டுக் கொடுத்து, மேலிருந்து கீழே. பதினெட்டுப் படி. நான் போட்டது, நானே உடைக்கிறேன். ஏழாவது படியில் கம்பி தெரிந்தது. கட்டை விரல் தடிமனுக்குத் துரு ஊதியிருக்கிறது. தட்டி உதிர்த்தால் உள்ளே நல்ல இரும்பு கோணி ஊசி அளவுக்குத்தான் மிச்சம். எஞ்சினியரம்மா அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு மழக்காலம் தாங்கியிருக்காது” என்றார்.

மத்தியானம் கைப்பிடிச் சுவரைத் தட்டும்போது ஒரு ஓணான் வெளியே வந்து என்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. அதுக்குக்கூட வீட்டக் கெடுத்தவன் யாருன்னு தெரிஞ்சிருக்கும்.

ஜூலை 13 – ஞாயிறு

நான்சி சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார். “அந்த மேஸ்திரியப் பத்தித் தப்பாப் பேசுனது கோயில் தெரு முழுக்கக் காதுல விழுந்துச்சு. இதுவும் அதே காதுலதான் விழணும். நானும் சொல்ல மாட்டேன், கோயில் சாமியாரும் சொல்ல மாட்டாரு. நீங்கதான் சொல்லணும்.”

பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கோயில் வாசலில் நின்றேன். ஆரோக்கியதாஸ் மேல் தப்பு இல்லை, தப்பு என்மேல் என்று சொன்னேன். சத்தம் போதவில்லை. “என்ன சொல்றாரு?” என்று பின்னால் கேட்டார்கள். மறுபடி சொன்னேன். மூணாவது தடவையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மதினி கடைசி ஆளாக வெளியே வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

பூசைக்கு வந்திருக்கிறார். அது போதும்.

ஜூலை 17 – வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. உடைப்பதை உடைக்கலாம், புதிதாகப் போடுவதை ஆவணியில்தான் தொடங்குவேன் என்கிறார் காண்டிராக்டர். எஞ்சினியரம்மா சிரித்தார். “சிமெண்டுக்கு ஆடி தெரியுமா?” என்றார். காண்டிராக்டருக்குத் தெரியுமே.

ஆகஸ்ட் 5 – செவ்வாய்

அனிஷா கைத்தொட்டிலைக் கழற்றிவிட்டாள். தோளை மெல்லச் சுழற்றிப் பார்க்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

ஆகஸ்ட் 21 – வியாழன்

பீம் வேலை ரிப்பேர்தானே என்று ஆடியிலேயே முடித்துவிட்டார்கள். இன்றைக்குப் புதுப் படிக்கட்டு போட்டார்கள். போட்டோம் என்று எழுத வந்து, அடித்துவிட்டேன். நான் சட்டி தூக்கினேன். என் வயசில் சட்டி தூக்கினால் கழுத்து என்ன ஆகும் என்று ராமுத்தாய் காலையிலேயே எண்ணெய் காய்ச்சி வைத்துவிட்டாள்.

துண்டு போர்த்துகிற நேரம் வந்தது. யாருக்கு என்று எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நான்சி சிஸ்டர் நேராகப் போய் மாயம்மாளுக்குப் போர்த்தினார். அவளுக்கு ஒரே வெட்கம். “என் கலியாணத்துக்குக்கூட எனக்கு எவரும் துண்டு போடல சிஸ்டர்” என்றாள். அப்புறம் அதிலேயே வாயைத் துடைத்துக்கொண்டாள்.

தண்ணி டிரம் வரிசையாக நின்றது. எஞ்சினியரம்மா ஏதோ சீட்டை முக்கிப் பார்த்து நல்ல தண்ணிதான் என்று சொல்லிவிட்டார். கலவை மிஷினைப் போடப் போனார்கள். “செத்த நேரம் இருங்க” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. வியாகுலம்மாள் மதினி கையில் ஒரு டம்ளரோடு வந்தார். ஒவ்வொரு டிரம்மிலும் மொண்டு உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார். அண்ணன் செய்த மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டு.

கடைசி டிரம்முக்கு வந்ததும் மொண்டு டம்ளரை என் பக்கம் நீட்டினார். ஐம்பது நாளில் அவர் என்னிடம் எதையும் நீட்டியதில்லை.

“நீ பாரு” என்றார்.

சட்டியைக் கீழே வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வாங்கினேன். நாக்கில் வைத்தேன். இனித்தது.

“என்ன? சொல்லு.”

“நல்ல தண்ணி மதினி.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, அதே டிரம்மில் மொண்டு, தானும் ஒரு வாய் நாக்கில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் திரும்பி, “ஊத்துங்கப்பா” என்றார்.